மாரியோ இப்போது ஏன் கைக்கு அடங்கவில்லை? 50 ஹெர்ட்ஸில் பழகிய கைக்குப் பழைய கேம்களும் புதிய இண்டி கேம்களும்

கேட்கப்பட்டது சுருக்கமாக: தொண்ணூறுகளில் டிவி கேமில் சூப்பர் மாரியோவைக் கடைசி ராஜா வரை முடித்த கை. இப்போது லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு, 43 அங்குல எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்து ஆடினால் எட்டாம் உலகத்தின் முதல் ஸ்டேஜான 8-1 தாண்டவில்லை. ஓட்டம் வேகமாகத் தெரிகிறது, குதிப்பது தாமதமாக வருகிறது. வயதாகிவிட்டதா, இல்லை கேமையே மாற்றிவிட்டார்களா? இதை எப்படிச் சரிசெய்வது? இதே வகையில் புதிதாக வந்திருக்கும் இண்டி கேம்களில் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் சிறு குழுக்கள் செய்பவை) எங்கே தொடங்கலாம்?

வயதைக் குறை சொல்வதற்கு முன் ஒரு ஸ்டாப்வாட்சை எடுங்கள். 1-1-இல் எதிரி வராத இடமாகப் பார்த்து மாரியோவை நிறுத்திவிட்டு, மேலே ஓடும் நேரம் 350-இலிருந்து 250-க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். உங்கள் எமுலேட்டரில் 40 நொடி வரும். பரணில் அந்தப் பழைய டிவி கேம் இன்னும் உயிரோடு இருந்தால் அதிலும் இதையே செய்து பாருங்கள், அநேகமாக 48 நொடி வரும். மாரியோவின் நேரம் நம் கடிகார நொடி இல்லை. திரை ஒரு தடவை வரையப்படுவது ஒரு பிரேம், 24 பிரேமுக்கு ஒரு எண் குறைகிறது. நொடிக்கு 60 பிரேம் ஓடினால் நூறு எண்ணுக்கு 40 நொடி, 50 பிரேம் ஓடினால் 48 நொடி. நீங்கள் சிறு வயதில் முடித்தது 50 பிரேம் மாரியோவை. இப்போது ஆடுவது 60 பிரேம் மாரியோ. 20 சதவீதம் வேகம் கூடிய கேமைப் பழைய கைக்கணக்கில் ஆடினால் பள்ளத்தில்தான் விழ வேண்டும்.

காரணம் டிவி. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறை, நொடிக்கு 60 தடவை திரை வரையப்படும். இந்தியாவில் பால் (PAL) முறை, 50 தடவை. 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டிக்கும் 1985-இல் வந்த சூப்பர் மாரியோவுக்கும் காலத்தை அளக்கத் தெரிந்த ஒரே வழி திரை வரையப்படும் எண்ணிக்கைதான். ஒரு பிரேமுக்கு மாரியோ இத்தனை பிக்சல் நகர வேண்டும், இசையில் அடுத்த சுரம் இத்தனை பிரேம் கழித்து என்று எல்லாமே பிரேம் கணக்கு. நம் ஊரில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள், நம் டிவிக்கு ஏற்ப 50-இல் ஓடியவை. ஆகவே ஓட்டம், குதிப்பு, ஆமை, பாட்டு எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று தானே தயாரித்த 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் பிராசசரின் வேகத்தையும் குறைத்தது, 1.79 மெகாஹெர்ட்ஸ் 1.66 ஆனது. அதில் ஜப்பான் கேசட்டை அப்படியே ஓட்டினால் பாட்டின் சுருதியும் இறங்கும், சில கேம்களின் திரை உடையும். நகல் பெட்டிகளைச் செய்தவர்களோ பிராசசரை 1.77-இல் வைத்துக்கொண்டு, திரை வரைந்து முடித்தபின் கேமுக்கு அதைச் சொல்லும் சிக்னலை மட்டும் தள்ளிப் போட்டார்கள். ஜப்பான் கேசட் உடையாமல் ஓடியது, சுருதி ஏறக்குறைய மாறவில்லை, தாளம் மட்டும் இழுத்தது. நகல் எடுத்தவன் மூலக்காரனைவிடச் சமர்த்தாக வேலை செய்த இடம் இது. 1992-இல் ரஷ்யாவில் வந்த டெண்டி என்ற நகல் பெட்டியின் பெயரில்தான் இந்த முறையை எமுலேட்டர்கள் இன்று அழைக்கின்றன. உங்களுக்கு வேண்டிய சொல் அதுதான்.

மெசென் எமுலேட்டரில் செட்டிங்ஸ், அதில் என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்), அதில் ரீஜியன் என்ற இடத்தில் ஆட்டோ, என்டிஎஸ்சி, பால், டெண்டி என்று இருக்கும். டெண்டியைத் தேர்ந்தெடுங்கள். பல எமுலேட்டர்களைக் ‘கோர்’ என்ற பெயரில் ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் மெசென் அல்லது எஃப்சியுஎம்எம் கோரை ஏற்றி, குயிக் மெனுவில் கோர் ஆப்ஷன்ஸ் போனால் அதே ரீஜியன் தேர்வு கிடைக்கும். இங்கே பலரும் செய்யும் தவறு, 50 ஹெர்ட்ஸ் என்றதும் பால் என்பதைப் போட்டுவிடுவது. ஜப்பான் அல்லது அமெரிக்க ரோமை (கேசட்டில் உள்ள கேமின் ஃபைல்) பாலில் ஓட்டினால் சுருதி இறங்கிக் கேட்கும். ஐரோப்பிய ரோமைப் பாலில் ஓட்டினால் அதில் மாரியோவின் வேகத்தையே 50-க்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார்கள், அதுவும் நீங்கள் ஆடிய கேம் இல்லை. ஜப்பான் அல்லது அமெரிக்க ரோம், டெண்டி ரீஜியன். இந்தச் சேர்க்கைதான் உங்கள் பழைய கேசட்.

மாற்றியதும் இன்னொரு தொல்லை வரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 பிரேம் காட்டினால் ஐந்து பிரேமுக்கு ஒரு பிரேம் இரண்டு தடவை நிற்கும். பக்கவாட்டில் ஓடும்போது திரை லேசாக வெட்டி வெட்டி இழுக்கும். விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் டிவியின் ரிஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் எல்இடி டிவிகளில் பெரும்பாலானவை எச்டிஎம்ஐயில் 50-ஐ ஏற்கும். மாறும் ரிஃப்ரெஷ் ரேட் உள்ள கேமிங் மானிட்டர் என்றால் ரெட்ரோஆர்ச்சின் வீடியோ அமைப்பில் சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃபிரேம்ரேட் என்பதை இயக்கினால் போதும். நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் வரும் மாரியோவில் இந்த வேலை எதுவும் நடக்காது, அது 60 மட்டும். அங்கே இசட்எல், இசட்ஆர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு, வேகத்தைக் குறைக்க வழியில்லை.

இனி அந்தத் தாமதம். வேகத்தைவிட இதுதான் அதிகம் கொல்கிறது. பழைய பிக்சர் டியூப் டிவி சிக்னல் வந்த கணமே வரைந்துவிடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, கூர்மையாக்கி, நிறத்தைத் திருத்தி, அசைவை மென்மையாக்கி அப்புறம் காட்டும். கேம் மோட் போடாத டிவியில் இது 100 மில்லிநொடி வரைகூடப் போகும். 60 ஹெர்ட்ஸில் அது 6 பிரேம். மாரியோ முழு ஓட்டத்தில் பிரேமுக்குச் சுமார் 2.5 பிக்சல் நகர்கிறான், 6 பிரேமில் 15 பிக்சல். தரையில் உள்ள ஒரு கல்லின் அகலம் 16 பிக்சல். அதாவது விளிம்பைக் கண்ணால் பார்த்துக் குதிக்கிற நேரத்தில் மாரியோ உண்மையில் ஒரு கல் தள்ளிப் போயிருப்பான். 8-1-இல் நீங்கள் பட்டனை அழுத்தியும் குதிக்காமல் நேராகப் பள்ளத்துக்குள் நடந்துபோகிறான் அல்லவா, அது இந்த ஒரு கல்தான்.

முதல் வேலை, ரிமோட்டில் கேம் மோட். பல டிவிகளில் எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரைப் பிசி என்று மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும். மோஷன் ஸ்மூத்திங் என்ற வகையில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். புளூடூத் கன்ட்ரோலரை ஒயரில் செருகி ஆடிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மீதமிருப்பதை ரெட்ரோஆர்ச்சின் ரன்-அஹெட் குறைக்கும். பட்டனை அழுத்திய பின் கேமே உள்ளுக்குள் ஓரிரு பிரேம் காத்திருந்துதான் அசையும், அந்தக் காத்திருப்பை எமுலேட்டர் முன்கூட்டியே ஓட்டித் தள்ளிவிடுகிறது. எத்தனை பிரேம் என்று ஊகிக்க வேண்டாம், எண்ணலாம். கீபோர்டில் பி அழுத்தினால் கேம் நிற்கும். குதிக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே கே-வை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள், ஒரு அழுத்தத்துக்கு ஒரு பிரேம் நகரும். மாரியோ அசைந்தது எத்தனையாவது அழுத்தத்தில் என்று எண்ணி, அதில் ஒன்றைக் கழித்து, லேட்டன்சி பகுதியில் ரன்-அஹெட் எண்ணாகக் கொடுங்கள். ஆசைப்பட்டுக் கூடுதலாகக் கொடுத்தால் குதிப்பின் முதல் ஓரிரு படங்கள் காணாமல் போய் மாரியோ தரையிலிருந்து திடீரென்று மேலே முளைப்பான். அப்போது ஒன்றைக் குறையுங்கள்.

பட்டன் அமைப்பு சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் கையை ஏமாற்றுவதில் இதற்குப் பெரிய பங்கு. பழைய ஜாய்ஸ்டிக்கில் பி இடதுபுறம், ஏ வலதுபுறம். கட்டைவிரல் நுனியால் பி-யை அழுத்திப் பிடித்தபடியே விரலின் அடிக்கணுவைச் சாய்த்து ஏ-வை அழுத்துவோம். ஓட்டம் விடாமல் குதிக்க அதுதான் வழி. ரெட்ரோஆர்ச் இயல்பாக ஓட்டத்தைக் கீழ்ப் பட்டனுக்கும் குதிப்பை வலதுப் பட்டனுக்கும் தருகிறது. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரில் அந்த இரண்டையும் ஒரே விரலால் உருட்டுவது சங்கடம், நடுவில் ஓட்டம் விட்டுப்போகும். இடதுப் பட்டனில் ஓட்டம், கீழ்ப் பட்டனில் குதிப்பு என்று மாற்றினால் பழைய உருட்டல் திரும்ப வரும். அனலாக் குச்சியைத் தொடாதீர்கள். அதன் நடுவில் உள்ள உணராத பகுதியைத் தாண்டி விரல் போவதற்குள் இரண்டு மூன்று பிரேம் போய்விடும்.

படத்தைப் பற்றி அதிகம் வேண்டாம். கேம் 256-க்கு 240 பிக்சல், நான்குக்கு மூன்று டிவிக்காக வரைந்தது. திரை முழுக்க இழுத்துவிட்டால் மாரியோ குண்டாவது மட்டுமில்லை, பள்ளத்தின் அகலமும் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும். முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டீஜர் ஸ்கேலிங் போட்டால் 1080 திரையில் நான்கு மடங்கு, அதாவது 960 வரி. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரும், வந்துவிட்டுப் போகட்டும். 4கே திரையில் ஒன்பது மடங்கு கச்சிதமாக உட்காரும்.

பரணில் உள்ள பெட்டியையே எடுத்து ஆடலாமா என்றால், ஆடலாம். ஆனால் அடாப்டரில் கவனம் வேண்டும். இந்த நகல் பெட்டிகள் பொதுவாக 9 வோல்ட் வாங்கி, உள்ளே 7805 ரெகுலேட்டர் மூலம் 5 வோல்ட்டாக்கிக் கொள்பவை. பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அடியில் உள்ள படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே செருகுங்கள். கேசட்டை ஊதாதீர்கள். ஊதினால் ஓடுவது போலத் தோன்றுவது, கழற்றி மறுபடி செருகும்போது தொடர்பு சரியாக விழுவதால். எச்சில் ஈரம் செம்பைப் பச்சையாக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, 60 முனைகளையும் நீளவாக்கில் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுச் செருகினால் போதும்.

டிவியில் மஞ்சள் ஏவி துளை இல்லாமல் 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும் இருந்தால் அந்த டிவிக்கென்று வந்த ஒயரையே பயன்படுத்துங்கள். வேறு ஒயரில் வீடியோவும் எர்த்தும் இடம் மாறியிருக்கும், படம் உருண்டு ஓடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி-டு-எச்டிஎம்ஐ டப்பாவில் சிக்கல் வேறு. பழைய கேம் 240 வரியை முழுப் பிரேமாக அனுப்புகிறது, டப்பா அதைப் பாதிப் பிரேம் என்று நினைத்து இரண்டிரண்டாக ஒட்டுகிறது. மாரியோ அடிபட்டதும் விட்டுவிட்டு மின்னுவானே, அந்த மின்னல் ஒரு பிரேம் தெரிந்து ஒரு பிரேம் மறையும் வகை. டப்பா வழியாகப் பார்த்தால் ஆளே சுத்தமாக மறைந்துபோவதும் உண்டு. 240 வரியைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ரெட்ரோடிங்க் போன்ற கருவிக்கு விலை அதிகம். அதற்குப் பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்றைத் தேடிப் பிடிப்பது மேல். வாத்து சுடும் துப்பாக்கி கேமுக்கும் அந்த டிவிதான் வேண்டும். துப்பாக்கி பார்ப்பது குழாய் டிவி வரையும் ஒளியை, அது வரும் நேரத்தை. எல்இடியில் எத்தனை குறி பார்த்தாலும் வாத்து விழாது.

ஒரு சின்ன உதவி. லைஃப் எல்லாம் தீர்ந்து தலைப்புத் திரைக்கு வந்ததும் ஏ-வைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடங்கும். 8-3-இல் செத்தால் 8-1. டிவி கேம் காலத்தில் இது தெரியாமல் 1-2-இன் சுரங்கத்தில் கூரைமேல் ஓடி 4-க்குப் போய், 4-2-இல் கொடியேறி 8-க்குப் போய் வந்தவர்கள் ஏராளம். 9999999 இன் 1 கேசட்டில் மாரியோ பல தடவை வெவ்வேறு பெயரில் இருந்ததற்கும் இதுதான் அடிப்படை. ஒரே கேம், தொடங்கும் ஸ்டேஜை மட்டும் மாற்றிப் பட்டியலில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள்.

வேகமும் தாமதமும் சரியான பிறகும் சில பழைய கேம்கள் கையை எதிர்க்கும். ஒவ்வொன்றுக்கும் குதிப்பின் சட்டம் வேறு. மாரியோவில் தரையை விடும் கணத்தில் இருந்த வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நின்று குதித்தால் சுமார் 4 கல் உயரம், முழு ஓட்டத்தில் குதித்தால் சுமார் 5. நடந்துவந்து குதித்துவிட்டுக் காற்றில் பி-யை அழுத்தினால் ஓட்ட வேகம் வராது, தரையிலேயே வாங்கியிருக்க வேண்டும். ஏ-வைப் பிடித்திருக்கும்வரை ஈர்ப்பு குறைவு, விட்டதும் மூன்று மடங்குக்கு மேல் கூடும். அதனால் தட்டினால் சின்னக் குதிப்பு, பிடித்தால் பெரிய குதிப்பு. முழு ஓட்டத்தில் ஒரு கல் அகல ஓட்டையின் மேல் குதிக்காமலே கடக்கலாம் என்பதும் எல்லாக் கேமிலும் செல்லாத சலுகை.

1986-இன் காசில்வேனியாவில் இந்தப் பழக்கத்தோடு போனால் முதல் ஸ்டேஜிலேயே தண்ணீரில் விழுவீர்கள். அங்கே குதித்த திசையைக் காற்றில் மாற்ற முடியாது, நேராகக் குதித்தால் நேராகத்தான் இறங்க வேண்டும். அடிபட்டால் பின்னால் தூக்கி எறியும், பின்னால் பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. ஆகவே பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று சண்டை போடாதீர்கள். கான்ட்ராவில் உயரம் மாறாது, திசையை மட்டும் காற்றில் திருப்பலாம். நிஞ்ஜா கெய்டனில் எதிரிகள் திரை நகரும் இடத்தைப் பொறுத்து முளைக்கிறார்கள். பயந்து ஒரு எட்டு பின்வாங்கி மறுபடி முன்னே போனால் கொன்ற பறவையே திரும்ப வரும். பின்வாங்காமல் போவதுதான் அதன் ஒரே ரகசியம். அட்வென்ச்சர் ஐலேண்டில் கன்டினியூ வேண்டுமென்றால் முதல் ஸ்டேஜின் முடிவுக்கு அருகே மறைந்திருக்கும் முட்டையில் உள்ள தேனீயை எடுக்க வேண்டும். பிறகு செத்தால் வலது திசையைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட். காசில்வேனியாவும் கான்ட்ராவும் 2019-இல் கொனாமி வெளியிட்ட ஆனிவர்சரி தொகுப்புகளில் பிசியிலும் கன்சோல்களிலும் சட்டப்படியே கிடைக்கின்றன, எந்த இடத்திலும் சேவ் செய்யும் வசதியோடு.

இண்டி கேம்களுக்கு வரலாம். இந்தப் பழைய சட்டங்களில் எதை எடுத்து எதை மன்னித்தார்கள் என்று பார்த்தால் எதில் தொடங்குவது என்பது தானே தெரியும். மாரியோ மன்னிப்பதே இல்லை. விளிம்பைத் தாண்டிய அடுத்த பிரேமில் அழுத்தினால் குதிப்பு இல்லை. தரையைத் தொடுவதற்கு ஒரு பிரேம் முன்னால் அழுத்தினாலும் இல்லை. 2018-இல் வந்த செலெஸ்டின் நாயகி மேடலினை இயக்கும் நிரலை அதன் ஆக்கியோரே பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் விளிம்பைத் தாண்டி 0.1 நொடிவரை, அதாவது 6 பிரேம், குதிப்பை ஏற்கிறது. இறங்குவதற்கு 0.08 நொடி முன்னால் அழுத்தியதையும் நினைவில் வைத்துத் தரை தொட்டதும் குதிக்க வைக்கிறது. தலை கூரையின் மூலையில் இடித்தால் 4 பிக்சல்வரை ஆளைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே விடுகிறது. குதிப்பின் உச்சியில் பட்டனைப் பிடித்திருந்தால் ஈர்ப்பைப் பாதியாக்குகிறது. ஆடுகிறவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது, நம் கை நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும். எல்இடி டிவி தின்னும் அந்த 6 பிரேமில் பெரும்பகுதியை இந்தக் கணக்கு திருப்பித் தருகிறது என்பதைக் கவனியுங்கள். பழைய கேம் டிவியில் நழுவுவதும் புதியது ஒட்டுவதும் இதனால்தான்.

ஆனாலும் முதல் கேமாக நான் செலெஸ்டைச் சொல்ல மாட்டேன். எட்டுத் திசைப் பாய்ச்சல், சுவர் பிடிக்கும் தெம்பு, இரண்டையும் ஒன்றாகப் பழக வேண்டும். டிவி கேம் கைக்கு முதலில் ஷவல் நைட். யாட் கிளப் கேம்ஸ் 2014-இல் வெளியிட்டது. குதித்துக் கீழ்நோக்கி மண்வெட்டியை நீட்டினால் எதிரியின் தலையில் துள்ளும், அடிபட்டால் பின்னால் தள்ளும். இரண்டு பட்டன் போதும். நிறங்களும் இசையும் பழைய பெட்டியின் எல்லையை ஒட்டியே செய்தவை, ஆனால் திரை அகலம் 400 பிக்சல். அதனால் எதிரி முன்கூட்டியே தெரிகிறான், பதில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. செத்தால் லைஃப் போகாது, பணத்தில் ஒரு பங்கு பையாக இறந்த இடத்தில் மிதக்கும், திரும்பப் போய் எடுக்கலாம். நடுவில் வரும் செக்பாயின்ட் உருண்டையை உடைத்தால் காசு கொட்டும், செக்பாயின்ட் போய்விடும். முதல் சுற்றில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவதாகச் செலெஸ்ட். அதன் அசிஸ்ட் மோடில் கேமின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக 50 வரை குறைக்கலாம். 80 என்று வைத்துப் பாருங்கள். நம் டிவி கேம்கள் கேட்காமலே கொடுத்த வேகம் 83, ஏறக்குறைய அதே. இரண்டு அத்தியாயம் போனதும் 90, அப்புறம் 100. இதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், நாமெல்லாம் மாரியோவை முடித்ததே அசிஸ்ட் மோடில்தான்.

இதற்குப் பிறகு உங்கள் ருசி. ஓடுவதுதான் பிடிக்கும் என்றால் 2023-இல் வந்த பீட்சா டவர். சாதாரண ஸ்டேஜ்களில் சாவு கிடையாது, தவறு செய்தால் மதிப்பெண்ணும் வேகமும்தான் குறையும். ஸ்டேஜின் முடிவில் ஒரு தூணை உடைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும், வந்த வழியே திரும்ப ஓட வேண்டும். நிஞ்ஜா கெய்டன் நினைவு இருந்தால் 2025 ஜூலையில் வந்த ரேஜ்பவுண்ட், ஸ்பெயினின் தி கேம் கிச்சன் செய்தது. அதில் காற்றில் எதிரியைத் தொடும் நேரத்தில் குதிக்கும் பட்டனை மறுபடி அழுத்தினால் அவன் மேலிருந்து எழும்பலாம். பழைய கேமில் உங்களைப் பள்ளத்தில் தள்ளிய பறவை இங்கே படிக்கட்டு. இந்த ஒரு அசைவைக் கை பழகாவிட்டால் மூன்றாவது ஸ்டேஜுக்குமேல் நகராது, ஆகவே முதல் ஸ்டேஜிலேயே நின்று பழகுங்கள்.

அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்க அனிமல் வெல், 2024 மே. பில்லி பாசோ என்ற ஒருவர் எஞ்சினிலிருந்து எல்லாவற்றையும் தானே எழுதியது, பிசியில் 35 எம்பிகூட வராது. சண்டை இல்லை. கிடைக்கும் சோப்புக்குமிழிக் குச்சியால் காற்றில் குமிழி விட்டு அதன்மேல் நின்று குதிக்கலாம். இருட்டான படம், டிவியின் கேம் மோடில் கறுப்பு அப்பிக்கொண்டால் பிரைட்னஸை இரண்டு படி ஏற்றுங்கள். கேசட் மெனுவில் பெயர் பார்த்துப் பார்த்து ஓட்டிய சுகம் வேண்டுமென்றால் 2024-இன் யூஎஃப்ஓ 50. இல்லாத ஒரு எட்டு பிட் கன்சோலுக்கு எழுதியதாகக் கற்பனை செய்து ஐம்பது முழுக் கேம்கள், ஒன்றுகூட மறுபதிப்பு இல்லை. பட்டியலில் முதலில் இருக்கும் பார்பூட்டாவில் தொடங்கி மனம் வெறுத்தவர்கள் உண்டு, அது வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்தது. வெல்கிரெஸில் தொடங்குங்கள், நொறுங்கும் பலகைகள்மேல் மேலே மேலே ஏறுவது, ஒரு சுற்று சில நிமிடம். அடுத்து மார்ட்டால். அதில் லைஃப்தான் கருவி, ஒரு ஆளைக் கல்லாக்கி அவன்மேல் ஏறி அடுத்த ஆள் போவான்.

2025 செப்டம்பர் 4-இல் வந்த ஹாலோ நைட் சில்க்சாங்கை எல்லோரும் பேசுவதால் அதிலேயே இறங்கலாம் என்று தோன்றும். இப்போது வேண்டாம். அதன் நாயகி ஹார்னெட் கீழ்நோக்கித் தாக்குவது நேராக இல்லாமல் சாய்வாக இறங்கும், ஷவல் நைட்டில் பழகிய துள்ளல் அப்படியே செல்லாது. பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு உயிர் எடுப்பார்கள். முதல் ஹாலோ நைட்டை முடித்துவிட்டு வாங்குங்கள், விலை எங்கும் ஓடிவிடாது.

கடைசியாக ஒன்று, இது உங்கள் எமுலேட்டரிலேயே ஓடும். 2019-இல் மார்ஃப்கேட் கேம்ஸ் வெளியிட்ட மைக்ரோ மேஜஸ். நிஜ நிண்டெண்டோ பெட்டிக்காகவே எழுதியது, அளவு 40 கேபி, சரியாக 1985 மாரியோவின் அளவு. அந்த இடத்துக்குள் சுவர்க்குதிப்பு, நான்கு பேர் சேர்ந்து ஆடும் வசதி, மேல்நோக்கி நகரும் கோபுரங்கள் எல்லாம் அடக்கம். இடம் மிச்சம் பிடிக்க என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் திரையின் நடுவில் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள், பல இடங்களில் இடது பாதியைத் திருப்பிப் போட்டதுதான் வலது பாதி. மாரியோவில் மேகத்தையும் புதரையும் ஒரே படத்தில் நிறம் மட்டும் மாற்றி வைத்தார்களே, அதே சிக்கனம். விலைக்கு வாங்கினால் ரோம் ஃபைலே கிடைக்கும். அதைத் திறப்பதற்கு முன் மெசெனில் ரீஜியனை டெண்டியிலிருந்து மறுபடி ஆட்டோவுக்கும், டிவியை 60 ஹெர்ட்ஸுக்கும் மாற்றிவிடுங்கள்.